பின் சீட்டு பெல்ட்டில் கொடுத்த எர்த்

தம்பிகளா, கார் செட் மாட்டுகிற உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் என்னைச் சேர்த்துவிட்டதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். வாய் வரவில்லை. கடையை மூடிவிட்டு ஸ்ரீரங்கத்தில் ஃபேனுக்குக் கீழே நிம்மதியாகப் படுத்திருக்கும் மனிதனுக்கு, சாப்பிட்டுக் கண் அசரும் நேரம் பார்த்து ஒரு போட்டோ வருகிறது. கார் ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு. கீழே ஒரு வரி: 'சார் ப்ரொடெக்ட் காட்டுது, ஆம்ப் போச்சா?' அவ்வளவுதான். எந்த வண்டி, எத்தனை ஸ்பீக்கர், எப்போது எரிகிறது, வண்டி ஓடும்போதா நிற்கும்போதா, ஒன்றும் கிடையாது. சிவப்பு விளக்கை மட்டும் பார்த்துச் சொல்ல நான் என்ன ஜோசியமா வைத்திருக்கிறேன்?

ஆம்ப் போகவில்லை. பெரும்பாலும் போகாது. பாவம், அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடிக்கொண்டிருக்கிறது. ஸ்பீக்கர் வயர் எங்காவது கதவில் நசுங்கி இரும்பில் உரசியிருக்கும், இல்லை சூடு தாங்காமல் நின்றிருக்கும், இல்லை எர்த் சரியாக இருக்காது. இதைக் கண்டுபிடிக்க மீட்டரும் பத்து நிமிடப் பொறுமையும் வேண்டும். மீட்டர் உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடம்தான் யாரிடமும் இல்லை. என்னிடமும் இருந்ததில்லை, அதனால்தான் இவ்வளவு எரிச்சலாகச் சொல்கிறேன்.

உப்பிலியபுரத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். ஆம்ப்ளிஃபயரின் ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்ததாம். அந்த ஊர் எலெக்ட்ரீஷியன் ஒவ்வொரு தடவையும் முன்னதைவிடப் பெரிய ஃபியூஸாகப் போட்டு, கடைசியில் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுருட்டிச் சொருகியிருக்கிறார். "ஃபியூஸ் பிரச்சனை முடிஞ்சு போச்சுங்க. இப்ப வயருதான் சூடாவுது, அதை மட்டும் பாருங்க" என்றார் அந்த மனுஷன், ரொம்ப நல்லவராக. வயரைத் தொட்டேன். விரல் சுட்டது. இன்னும் நாலு பாட்டு கேட்டிருந்தால் வண்டியே எரிந்திருக்கும். பேட்டரியை உடனே கழற்றினேன். அவரைத் திட்டக்கூட எனக்கு மனது வரவில்லை, அந்த எலெக்ட்ரீஷியனின் நம்பரை வாங்கி அவனைத் திட்டினேன்.

இன்னொருவர் ஸ்ரீரங்கம் சித்திரை வீதிக்காரர். "பாராயணம் பாதியிலே நின்னுடறது. கோஷ்டியிலே நடுவிலே எழுந்து போறாப்பல இருக்கு, கேட்கவே மனசு சங்கடப்படறது" என்றார். இரண்டு நாள் அந்த வண்டியை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டேன். கடையில் மணிக்கணக்கில் பாடும், அவர் எடுத்துப் போனால் அரை மணியில் நிற்கும். மூன்றாம் நாள் அவர் வீட்டுக்கே போய் டிக்கியைத் திறக்கச் சொன்னேன். ஆம்ப்ளிஃபயர் மேல் மடி வஸ்திரக் கூடை, நாலு மடிப்புப் பட்டோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. யாரும் தொடாத இடம் அதுதானாம். ஆம்ப்ளிஃபயர் மூச்சுவிட இடமில்லாமல் வெந்து நின்றிருக்கிறது. கடைக்கு அனுப்பும்போது மட்டும் கூடையை வீட்டில் இறக்கி வைத்துவிடுவார். அதையும் நான் தொடக்கூடாது, அவரே நகர்த்தும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லிவிடலாம். அடுத்ததைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் கடை உறையூரில் இருந்தது உங்களில் சிலருக்குத் தெரியும். ஒட்டின கடை சீட் கவர் தைக்கும் பாயுடையது. அவரிடம் வரும் வண்டி என்னிடம் வரும், என்னிடம் வரும் வண்டி அவரிடம் போகும். சின்ன வயசுக்காரர், அமைதியானவர். என் குணம் அப்படியில்லை. என் வேலையில் யாராவது மூக்கை நுழைத்தால் கடித்துக் குதறிவிடுவேன். ஒரு நாள் பாய் ஒரு வண்டியைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த ஃபியூஸு கொஞ்சம் பெருசா இல்ல?" என்று சாதாரணமாகக் கேட்டார். "நீங்க ஊசி நூலைப் பாருங்க பாய்" என்றேன், கஸ்டமர் முன்னாடியே. அதற்குப் பிறகு அவர் என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

மேலப்புதூர் பக்கமிருந்து ஒரு டீச்சர் புது வண்டியோடு வந்தார். ஸ்கூலில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர், சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துபவர். வண்டியில் போகும்போது குழுவின் பாட்டுகளைப் போட்டுப் பார்த்துப் பயிற்சி செய்ய வேண்டும், நல்ல சத்தம் வேண்டும் என்றார். கூட அவர் கணவர், ஏதோ ஆபீஸில் வேலை, எல்லாவற்றிலும் ரூல்ஸ் பார்க்கிற ஆள். பின் சீட்டில் எட்டு வயது மகள் ஆக்னஸ். கடை வாசலுக்கு வண்டியைத் தள்ளி நிறுத்துவதற்குக்கூட அந்தக் குழந்தை பெல்ட் போட்டிருக்க வேண்டும், அப்படி ஒரு அப்பா. "ஃபாதர் வந்து மந்திரிச்சு மூணு நாள்தான் ஆகுதுங்க. ஓட்டை கீட்டை எதுவும் போட்டுடாதீங்க" என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

நம் ஊரில் இது தெரிந்த கதைதான். பூஜை போட்ட வண்டியோ, மந்திரிச்ச வண்டியோ, தர்காவில் ஓதின வண்டியோ, துளை என்றதும் சொந்தக்காரர் முகம் சுருங்கிவிடும். பெயிண்டைச் சுரண்டுகிறேன் என்றாலும் அதே முகம். ஆனால் ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் வேண்டுமே. பேட்டரியிலிருந்து தடித்த வயரில் வருகிற கரண்ட் திரும்பிப் போக வண்டியின் இரும்பு உடம்புதான் வழி. அதற்கு ஒரு வயரை வெறும் இரும்பில் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். துளையும் கூடாது, சுரண்டலும் கூடாது என்றால் எங்கே பிடிப்பது?

எங்கள் தெருவில் அதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தோம். பின் சீட்டைத் தூக்கினால், சீட் பெல்ட்டின் அடி முனை வண்டியின் தரையில் ஒரு தடித்த போல்ட்டில் மாட்டியிருக்கும். அதைக் கழற்றி, எர்த் வயரின் வளையத்தை உள்ளே கொடுத்து, திரும்ப முடுக்கிவிட்டால் வேலை முடிந்தது. யார் கண்ணிலும் படாது. எல்லோரும் செய்தோம், நான் எல்லோரையும்விட அதிகம் செய்தேன். வண்டி எதிலாவது மோதினால் பின் சீட்டில் இருக்கிற உயிரைப் பிடித்து நிறுத்துவது அந்த ஒரு போல்ட்தான். கம்பெனியில் அதை அளவு பார்த்து முடுக்கி, தளராமலிருக்க மரையில் பசை வைத்து அனுப்புகிறான். நான் அதைக் கழற்றிவிட்டு, கை சொன்ன அளவுக்கு முடுக்கினேன். அது எதற்காக இருக்கிற போல்ட் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். எனக்கு எர்த் கிடைத்தது, அதோடு யோசனை நின்றுவிட்டது.

டீச்சர் வண்டியில் இடது பக்கம் கொடுத்தேன். ஆக்னஸ் உட்காரும் பக்கம்.

இரண்டு வாரத்தில் டீச்சர் வந்தார்.

"அண்ணா, உள்ள ஒரு சத்தம் வருதுங்க. வண்டி வேகம் ஏற ஏற அதுவும் ஏறுது."

"எஞ்சின் சத்தமா இருக்கும் டீச்சர்."

"இல்லைங்க, செட் போட்டாத்தான் வருது, நிறுத்தினா போயிடுது. மெதுவா போனா கீழ்ச் சுருதி, வேகமா போனா மேல் சுருதி. பாட்டு ஒரு சுருதியில இருக்கு, இது ஒரு சுருதியில இருக்கு. கூடச் சேர்ந்து பாட முடியலை."

காதை ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டேன். கொசு மாதிரி ஒரு ரீங்காரம், ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் ஏறியது. மற்றவர்கள் இதைக் கவனிக்கவே மாட்டார்கள், இந்த அம்மாவுக்குப் பாடகர் குழுக் காது. எனக்கு அப்போதே எரிச்சல் தொடங்கிவிட்டது. பவர் வயரும் பாட்டு வயரும் ஒன்றாக ஓடினால் இப்படி வரும், அதனால் இரண்டையும் பிரித்து இரண்டு பக்கமாக விட்டேன். கொஞ்சம் குறைந்தது. பத்து நாளில் திரும்ப வந்தார். முன்னால் இருக்கிற செட்டின் எர்த்தை மாற்றினேன். அப்போதும் கொஞ்சம் குறைந்தது.

ஆம்ப்ளிஃபயரின் எர்த்தை மட்டும் பார்க்கவில்லை. இதே சத்தம் வேறு கடைக்காரன் செய்த வண்டியில் வந்திருந்தால் முதலில் அதைத்தான் பார்த்திருப்பேன், சீட்டைத் தூக்க இரண்டு நிமிடம்தான். ஆனால் இது என் கை முடுக்கிய போல்ட். என் கை முடுக்கினது தளருமா? இந்தத் திமிருக்கு என்ன பெயர் வைப்பதென்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது முறை வந்தது ஒரு சனிக்கிழமை காலை. வையம்பட்டியில் டீச்சரின் அண்ணன் வீடு. மறுநாள் அண்ணன் மகனுக்குச் சர்ச்சில் புதுநன்மை, முதல் முதலாக நற்கருணை வாங்குகிற விழா, அதற்குக் குடும்பத்தோடு கிளம்பியிருந்தார்கள். வழியில் பாயிடம் தைக்கக் கொடுத்திருந்த சீட் கவரைப் போட்டுக்கொண்டு போகத்தான் வந்தது. பாய் பின் சீட்டைத் தூக்கி வேலையை ஆரம்பித்தார். டீச்சர் தயங்கித் தயங்கி என் கடைப் படியில் வந்து நின்றார்.

"தப்பா நினைக்காதீங்கண்ணா. அந்தச் சத்தம் இன்னும் இருக்கு. முன்னைக்கு இப்ப கூட இருக்கிற மாதிரி தெரியுது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு நாய்ஸ் ஃபில்டரை எடுத்துப் போய் முன் பக்கம் செட்டுக்குப் பின்னால் மாட்டினேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அது கேட்காது, காதுக்கு வராமல் மட்டும் தடுத்துவிடும். ரீங்காரம் சுத்தமாகப் போய்விட்டது. டீச்சர் முகம் மலர்ந்து நன்றி சொல்ல வந்தார். அந்த நேரத்தில் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இனிமே சத்தம் கித்தம்னு இந்தப் பக்கம் வராதீங்க டீச்சர். செட்டுல ஒண்ணும் இல்ல, உங்க காதைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்."

அவர் முகம் அப்படியே வாடிப்போனது. போய் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். கணவர் வண்டியை எடுத்தார். ஆக்னஸ் பின்னாலிருந்து பாய்க்கு டாட்டா காட்டினாள், பெல்ட் போட்டிருந்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?" என்றார் பாய்.

"சொல்லுங்க."

"டீச்சர் வண்டியில இடது பக்கம் பின் சீட்டு பெல்ட்டு அடியில ஆடுதுண்ணே. சீட்டைத் தூக்குறப்ப கையில பட்டுச்சு. உங்க வயரும் அதுலதான் மாட்டியிருக்கு. அது அப்படித்தான் லூஸா இருக்கணுமோ என்னமோன்னு நான் ஒண்ணும் செய்யலை."

டீ கிளாஸை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. மூன்று முறை டீச்சர் வந்து சொன்ன சத்தம் என்னவென்று அந்த நொடியில் புரிந்துவிட்டது. போல்ட் தளரத் தளர எர்த் கெட்டது, எர்த் கெடக் கெட ரீங்காரம் கூடியது. பெல்ட் கழன்று வருகிறது என்று அந்த வண்டி ஒன்றரை மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் இன்று காலை அதன் வாயை அடைத்து, திண்டுக்கல் ஹைவேஸில் குழந்தையோடு அனுப்பி வைத்திருக்கிறேன்.

"அப்பவே ஏன்யா சொல்லலை?" என்று கத்தினேன்.

"சொன்னா ஊசி நூலைப் பாருன்னுவீங்க" என்றார் பாய். குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். எனக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது, அடுத்த நொடி என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

டீச்சர் நம்பருக்கு அடித்தேன். இரண்டு ரிங்கில் கட் ஆனது. திரும்ப அடித்தேன், கட். மூன்றாவது முறை முதல் ரிங்கிலேயே கட். அவர் போன் திரையில் என் கடைப் பெயர்தான் வந்திருக்கும். காதை டாக்டரிடம் காட்டு என்றவன் போனை யார் எடுப்பார்கள்? நாலாவது முறையும் கட். இந்நேரம் மணப்பாறையை நெருங்கியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். அதற்குப் பிறகு ரோடு காலியாக இருக்கும், எல்லோரும் ஆக்ஸிலரேட்டரை அழுத்துவார்கள்.

"பாய், உங்க போன்ல இருந்து போடுங்க."

பாய் நம்பரை எடுத்தார். என் மூளை எங்கே ஓடியது என்று மறைக்காமல் சொல்கிறேன். அவர் கையைப் பிடித்து நிறுத்தி, "சீட் கவர் கொக்கி ஒண்ணு சரியா மாட்டலைன்னு சொல்லுங்க. ஓரமா நிறுத்தி வைக்கச் சொல்லுங்க, நாம போய் சத்தமில்லாம முடுக்கிட்டு வந்துடலாம்" என்றேன். இத்தனை வருஷத்துப் பெயர். உறையூர் முழுக்கத் தெரிந்துபோகும். அந்த நேரத்தில் எனக்கு அதுவும் தோன்றியது.

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சீட் கவரு கொக்கிக்காக ஹைவேஸ்ல யாருண்ணே வண்டியை நிறுத்துவா? சரி பாய், ஊருக்குப் போயிட்டுப் பார்த்துக்கலாம்னுதான் சொல்வாங்க. நிக்கணும்னா நெசத்தைச் சொன்னாத்தான் நிப்பாங்க." சொல்லிவிட்டு எண்ணை அழுத்தி போனை என் கையில் கொடுத்தார்.

ஒரே ரிங்கில் எடுத்தார்கள். "சொல்லுங்க பாய்" என்றது டீச்சர் குரல். பின்னால் பாடகர் குழு பாடிக்கொண்டிருந்தது. ஒரு ரீங்காரம் இல்லை, அவ்வளவு துல்லியம்.

"டீச்சர், நான்தான், ஆம்ப் போட்டவன். தயவு செஞ்சு வச்சுடாதீங்க. வண்டியை உடனே ஓரம் கட்டச் சொல்லுங்க. பாப்பா போட்டிருக்கிற பெல்ட்டு நிக்காது. எர்த் கொடுக்கிறதுக்காக அதை நான்தான் கழட்டினேன். திரும்பச் சரியா முடுக்கலை. பாப்பாவை வலது பக்கம் மாத்தி உட்கார வச்சு, அந்தப் பக்கத்து பெல்ட்டைப் போடுங்க."

"வண்டியை ஓரம் கட்டுங்க" என்று டீச்சர் கணவரிடம் சொன்னது கேட்டது. பாட்டு நின்றது. இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்தது கேட்டது. "ஏம்மா நிறுத்துறோம்?" என்று குழந்தை கேட்டது. "ஒண்ணுமில்லடா, கேக்கு டப்பாவை எடுத்து மடியில வச்சுக்கிட்டு இந்தப் பக்கம் வா" என்றார் டீச்சர். ஒரு கதவு திறந்து மூடியது. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மணப்பாறை தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் நிற்கிறோம் என்றார். வருகிறேன் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

பாயின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, மடியில் டூல்ஸ் பையோடு போனேன். போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது.

பங்க்கில் கணவர் வண்டிக்கு வெளியே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை, சீட்டைத் தூக்கிக் காட்டச் சொன்னார். தூக்கினேன். ஸ்பேனரே தேவைப்படவில்லை, விரலால் திருகினேன். சுற்றியது. நாலைந்து சுற்றில் போல்ட் என் கையோடு வந்துவிட்டது, பெல்ட்டின் அடி முனை பொத்தென்று கீழே விழுந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு திரும்பிப் போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எர்த் வயரைப் பெல்ட்டிலிருந்து எடுத்துத் தனியாகக் கட்டினேன். போல்ட்டைத் துடைத்து, நீளமான ஸ்பேனரைப் போட்டு முடுக்கினேன். ஆம்ப்ளிஃபயரின் பவரையும் கழற்றிவிட்டேன். "இது போதாதுங்க சார். கம்பெனியில புது போல்ட் போட்டு அளவு பார்த்து முடுக்கணும். திங்கக்கிழமை நானே வண்டியைக் கொண்டுபோறேன். அதுவரைக்கும் பாப்பா இந்தப் பக்கம் உட்கார வேண்டாம்" என்றேன்.

டீச்சர் அதுவரைக்கும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் மூணு தடவை வந்து சொன்னேனே, அந்தச் சத்தம் இதுதானா?"

"ஆமாங்க டீச்சர்."

"அப்ப என் காதுல ஒண்ணுமில்ல."

"இல்லைங்க. என்னை மன்னிச்சுடுங்க."

கணக்கு டீச்சர் அல்லவா, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். "இந்த மாதிரி இன்னும் எத்தனை வண்டியில போட்டிருக்கீங்கண்ணா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

மறுநாளிலிருந்து கடையில் வேலை எடுக்கவில்லை. பழைய பில் புத்தகங்களைக் கட்டுக்கட்டாக இறக்கி, ஒவ்வொரு பில்லிலும் இருந்த நம்பருக்கு நானும் பாயும் மாற்றி மாற்றி அடித்தோம். 'உங்க வண்டியில பின் சீட்டு பெல்ட்டை நான் கழட்டி மாட்டியிருக்கேன், கொண்டு வாங்க' என்று சொல்ல வேண்டும். சிலர் உடனே வந்தார்கள். சிலர் திட்டிக் கிழித்துவிட்டார்கள், கேட்டுக்கொண்டேன். சிலர் ஏதோ புது வேலை பிடிக்கப் பார்க்கிறான் என்று சிரித்தார்கள், அவர்கள் வீட்டுக்கே போய்ச் சீட்டைத் தூக்கினேன். எல்லா வண்டியிலும் தளர்ந்திருக்கவில்லை. தளர்ந்திருந்தவையும் இருந்தன. எல்லாவற்றிலும், டீச்சர் வண்டியைப் போலவே, கம்பெனியில் புது போல்ட் போடவைத்து, துளை போட்டுத் தனி எர்த் கொடுத்தேன், முகம் சுருங்கியவர்களிடம் காரணத்தைச் சொன்னேன், ஒருவரும் அதற்கு மேல் வாதாடவில்லை. சில நம்பர்கள் உபயோகத்தில் இல்லை. சிலர் வண்டியை விற்றுவிட்டார்கள், வாங்கியவர் யாரென்று தெரியவில்லை. அந்த வண்டிகளின் பாரத்தோடுதான் நான் ரிட்டயர் ஆனேன்.

ஸ்ரீரங்கத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கிற இடத்தில் நடக்கும்போது கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. திருடன் என்று நினைக்கிறார்கள், நினைக்கட்டும். போன வாரம் அம்மா மண்டபம் பக்கத்தில் ஒரு சாம்பல் நிற வண்டி, டிக்கி திறந்திருந்தது. கறுப்புக் கார்ப்பெட் சுற்றிய பலகையில் ஆம்ப்ளிஃபயர், மூலையில் நான் வயரை மடித்துக் கட்டுகிற விதம். என் வேலைதான், சந்தேகமே இல்லை. வெளியூர் ஆட்கள், காவிரியில் குளித்துவிட்டு ஈரத் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது பெரியவரே. செட் சூப்பரா பாடுது, ஒரு பிரச்சனையும் இல்ல" என்றார்.

"பாடுறது இருக்கட்டும் தம்பி. பின் சீட்டைத் தூக்கி ஒரு நிமிஷம் பார்த்துடறேன்."

"ஈரத்தோட பசங்க உட்கார்ந்துட்டாங்க. நேரமாச்சு, இன்னொரு நாள் பார்த்துக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே ஏறிவிட்டார். பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள். நான் கண்ணாடியைத் தட்டித் தட்டி, பெல்ட் போட வேண்டாம் என்பதா, போடு என்பதா என்று தெரியாமல், "மெதுவா போங்க, மெதுவா போங்க" என்றேன். வண்டி போய்விட்டது.

நம்பர் பிளேட்டை மட்டும் எழுதி வைத்தேன். குரூப்பில் அன்றைக்கே போட்டிருக்கிறேன், சிவப்பு விளக்குப் போட்டோக்களுக்குக் கீழே கிடக்கிறது, ஒருவரும் பார்த்த மாதிரி தெரியவில்லை. திரும்ப ஒரு தடவை பாருங்கள். ஸ்பீக்கர் மாற்ற வந்தாலும் சரி, வெறும் ஃபியூஸ் கேட்டு வந்தாலும் சரி, அந்தச் சாம்பல் நிற வண்டி யார் கடை வாசலில் நின்றாலும் அந்த ஆளிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். பிள்ளைகளை இறக்கிவிட்டு, முதலில் பின் சீட்டைத் தூக்குங்கள். அப்புறம் எனக்கு எந்த நேரத்தில் வேண்டுமானாலும் போன் பண்ணுங்கள்.